ஃபேக்டரிய மூடிட்டா பொறுப்பும் போயிடுமா? மாசு வழக்குகளைப் படிக்கிறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுல ஒரு பெரிய உற்பத்திக் கம்பெனியோட ஆண்டறிக்கைய எடுத்தீங்கன்னா ஒரு இடத்துல எந்தெந்த ஊர்ல ஃபேக்டரி இருக்குன்னு வரும், அடுத்தாப்ல என்னென்ன வழக்கு நடக்குதுன்னு வரும். இந்த ரெண்டையும் ஒரு பார்வை பாத்துட்டு "ஓடுற ஃபேக்டரி எல்லாம் சுத்தமா இருக்கு, கவலையில்ல"ன்னு முடிவு பண்றதுதான் முதல் தப்பு. ஏன்னா பெரிய செலவு வைக்கிற இடம் பல சமயம் அந்த லிஸ்ட்லயே இருக்காது. எப்பவோ மூடின ஷெட்டு, கைமாறிப் போன நிலம், கழிவு கொட்டின பள்ளம், இதெல்லாம்தான்.

ஜெனரல் எலக்ட்ரிக்கையே எடுத்துக்கோங்க. நியூயார்க் மாநிலத்துல ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட்னு ரெண்டு ஊர்ல கெப்பாசிட்டர்ங்கிற மின்சாதனப் பாகம் செஞ்சாங்க, 1977 வரைக்கும் சுமார் முப்பது வருஷம் பிசிபிங்கிற நச்சு ரசாயனம் ஹட்சன் ஆத்துல போய்ச் சேந்துச்சு, 13 லட்சம் பவுண்டு வரைக்கும் இருக்கலாம்னு அரசாங்கக் கணக்கு. ஆத்தோட அடியில இருந்த சேத்தை அவங்க செலவுல அள்ள ஆரம்பிச்சது 2009ல, முடிச்சது 2015ல. ஆத்துல விடறத நிறுத்தி 32 வருஷம் கழிச்சுத்தான் அள்ளவே ஆரம்பிச்சாங்க! "அப்ப இந்தச் சட்டமே இல்லையே"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, மாசு பண்ணினவங்களையே சுத்தம் பண்ற செலவை ஏத்துக்க வைக்கிற சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980ல வந்துச்சு, அது வர்றதுக்கு முன்னாடி நடந்ததுக்கும் பாயும், கவனக்குறைவுன்னு நிரூபிக்கணும்கிற அவசியமும் இல்ல. அதோட பல பேர் சேர்ந்து கொட்டின இடத்துல, யார் பங்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியலன்னா மொத்தச் செலவையும் ஒருத்தர் தலையிலயே கட்டலாம்.

வித்துட்டா தொல்லை விட்டுச்சுன்னு நினைக்கிறது அடுத்த தப்பு. நயாகரா ஃபால்ஸ்ல லவ் கனால்ங்கிற இடத்துல ஹூக்கர் கெமிக்கல் கழிவைப் புதைச்சுட்டு, 1953ல அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிக் குடுத்துச்சு, உள்ள ரசாயனம் இருக்கு, இனிமே எங்க பொறுப்பு இல்லன்னு பத்திரத்துலயே போட்டுச்சு. அங்க பள்ளிக்கூடம் வந்துச்சு, சுத்தி வீடு வந்துச்சு. 1978ல அவசரநிலை அறிவிச்சு ஜனங்கள வெளியேத்த வேண்டியதாப் போச்சு. ஹூக்கரை 1968ல வாங்கின ஆக்ஸிடென்டல்ங்கிற கம்பெனி 1995ல மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு. குழந்தைங்க விளையாடின மண்ணு அது, அதைப் படிக்கிறப்போ இப்பவும் மனசு கனக்குது.

பழைய பாரத்தை எல்லாம் ஒரு புதுக் கம்பெனி மேல ஏத்தி தனியாப் பிரிச்சு விடறதும் நடக்கும். கெர்-மெகீங்கிற எண்ணெய்க் கம்பெனி அப்படித்தான் 2006ல ட்ரோனாக்ஸ்ங்கிற ரசாயனக் கம்பெனியப் பிரிச்சு விட்டுச்சு, அது 2009லயே திவால். கோர்ட் அந்தப் பிரிப்பையே மோசடின்னு சொன்னதும், கெர்-மெகீய வாங்கியிருந்த அனடார்கோ கம்பெனி 2014ல 515 கோடி டாலருக்கு சமரசம் பண்ணிக்கிச்சு. அதனால "பிரிச்சாச்சு"ங்கிற வார்த்தையப் பாத்தா நிம்மதி ஆகாதீங்க, பிரிஞ்சு போனதுக்கு அந்தச் செலவத் தாங்குற பலம் இருக்கான்னு பாருங்க.

கணக்குல ஒதுக்கி வச்சிருக்கிற தொகைய மொத்தச் செலவுன்னு எடுத்துக்கிறவங்க ரொம்பப் பேரு. நஷ்டம் வர வாய்ப்பு அதிகம்னும் மதிப்பிட முடியும்னும் இருந்தாத்தான் ஒதுக்கவே செய்வாங்க, அதுலயும் 5 கோடியிலருந்து 40 கோடிக்குள்ள எங்க வேணா முடியலாம், எது சரின்னு சொல்ல முடியலன்னா அமெரிக்கக் கணக்கு விதிப்படி எழுதறது 5 கோடிதான். மீதிக்கு "ஒதுக்கினதுக்கு மேல போகலாம்"னு ஒரு வரி அடிக்குறிப்புல கிடக்கும், அந்த வரியத்தான் நிதானமாப் படிக்கணும்.

வழக்குப் பட்டியல்ல ஒண்ணும் இல்லன்னா வழக்கே இல்லன்னும் அர்த்தமில்ல. அரசாங்கம் போடற மாசு வழக்குல அபராதம் 3 லட்சம் டாலருக்குக் கீழ இருக்கும்னு கம்பெனி நியாயமா நம்பினா சொல்லணும்னு கட்டாயம் இல்ல, அந்த வரம்பையும் கம்பெனி 10 லட்சம் வரைக்கும் ஏத்திக்கலாம் (நடப்புச் சொத்துல, அதாவது ரொக்கம், சரக்கு மாதிரி ஒரு வருஷத்துக்குள்ள பணமாகிற சொத்துல, 1 சதவீதம் அதைவிடக் கம்மின்னா அதுதான் உச்சம்).

சமரசம்னு செய்தி வந்ததும் கதை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. 3எம் கம்பெனி 2023ல பிஃபாஸ்ங்கிற, சுலபத்துல மக்காத ரசாயனங்களுக்காக 1050 கோடியிலருந்து 1250 கோடி டாலர் வரைக்கும் தர ஒத்துக்கிச்சே, அது பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கு மட்டும், உடம்பு பாதிச்சவங்க போட்ட கேஸ் அதுல வராது.

இன்னொண்ணு, அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை இபிஏவோட சூப்பர்ஃபண்ட் பட்டியல்ல கம்பெனி பேரைப் போட்டு மட்டும் தேடாதீங்க. ஜெனரல் எலக்ட்ரிக்கோட அந்த இடம் அங்க "ஹட்சன் ரிவர் பிசிபிஸ்"னுதான் இருக்கு. பழைய ஃபேக்டரி இருந்த ஊர் பேரையும் ஆத்துப் பேரையும் போட்டுத் தேடுங்க.