1942 நார்வே தாக்குதலின் ஹோர்சா கிளைடர்: மாதிரி செய்யும் முறை

நார்வேயின் வெமார்க்கில் இருந்த கனநீர் (அணு ஆய்வில் பயன்படும் ஒருவகை நீர்) ஆலையைத் தகர்க்க 1942 நவம்பர் 19 இரவு ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பிய இரு பிரிட்டிஷ் கிளைடர்களில் (எஞ்சின் இல்லாமல் வேறு விமானத்தால் இழுக்கப்படும் விமானங்கள்) ஒன்று இது. 1/72 அளவில் இறக்கை நுனிக்கு நுனி 37 செ.மீ. வரும்.

முதல் தொல்லை எடை. மூக்கு தூக்கி, வால் தரையில் உட்கார்ந்துவிடும். விமானி அறைக்கு அடியில் தூண்டில் ஈயக்குண்டுகளை வையுங்கள். உடலின் இரு பாதிகளையும் டேப்பால் இறுக்கி, சக்கரங்களில் நிறுத்திப் பார்த்த பிறகே பசை. மூடியபின் எடை சேர்க்க வழியில்லை.

கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வேண்டாம், அவை 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்துக்கு உரியவை. பலர் சறுக்குவது இங்கேதான்.

இழுகயிறு கவட்டைபோல் பிரிந்து இரு இறக்கைகளின் முன்விளிம்பிலும் சேரும். அன்றிரவு பனி உறைந்து அறுந்தது இந்தக் கயிறுதான்.

பினாங்கு மழையில் வார்னிஷ் தெளித்தால் ஈரப்பதத்தால் வெள்ளை பூக்கும். வெயில் ஏறட்டும்.