மாறுவேடத்தில் ஒரு பாளையக்கார வாரிசு: ரீஜென்சிக் காதல் கதையைச் சேதுக்கரையில் எழுதும் முறை

ரீஜென்சிக் காலம் என்பது, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தம் கலங்கி ஆள இயலாமற்போனபோது அவருடைய மூத்த மகன் 1811 முதல் 1820 வரை அரசப் பிரதிநிதியாக இருந்த ஒன்பது ஆண்டுகளைக் குறிக்கும். பட்டத்தை மறைத்துக்கொண்டு குதிரைக்காரனாக வேலைக்குச் சேரும் பிரபுவும், அவனை யாரென்று அறியாமலே விரும்பும் தையற்காரப் பெண்ணும் அக்காலத்தை வைத்து எழுதப்படும் காதல் கதைகளில் அடிக்கடி வருவார்கள். அக்கதையை இராமநாதபுரம் கடற்கரைக்குக் கொண்டுவர விரும்புகிறவர் உடைகளை மட்டும் மாற்றினால் போதாது. அவன் ஏன் ஒளிகிறான் என்பதையே முதலில் மாற்ற வேண்டும்.

ஆங்கிலப் பிரபு பெரும்பாலும் சலிப்பினாலோ, தன்னைத் தனக்காகவே விரும்பும் பெண்ணைத் தேடியோ வேடமிடுகிறான். நம் கரையில் அதைவிட வலுவான காரணத்தை வரலாறே தருகிறது. 1795-இல் சேது நாடாகிய இராமநாதபுரத்தை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதி கிழக்கிந்தியக் கம்பெனியால் பதவி பறிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு, கிளர்ச்சியில் ஈடுபட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1803-இல் சேது நாடு கம்பெனிக்குக் கட்டுப்பட்ட ஜமீன்தாரியாயிற்று. தப்பித்த ஒரு பாளையக்காரக் குடும்பத்தின் சிறுவனை நீங்கள் கற்பனை செய்துகொண்டால், 1811-இல் அவனுக்கு இருபது வயதிருக்கும். அவனுக்கு மாறுவேடம் விளையாட்டன்று, உயிர்காப்பு. விளையாட்டாகப் பொய் சொல்கிறவனை விட, சொல்லாவிட்டால் செத்துப்போகிறவனை வாசகர் எளிதில் மன்னிப்பார் என்பது என் எண்ணம்.

அடுத்த சிக்கல் அவனை எங்கே ஒளித்துவைப்பது என்பது. லண்டன் கூட்டத்தில் ஒருவன் எளிதில் மறைந்துபோவான், நம் ஊரிலோ, புதிதாக வருகிறவனிடம் தண்ணீர் கொடுக்கும் முன்பே “எந்த ஊரு, யாரு மகன்?” என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தப்ப ஒரே வழி சேது யாத்திரைப் பாதைதான். இராமேசுவரத்துக்குப் போகும் பரதேசியை யாரும் துருவிக் கேட்பதில்லை, சத்திரத்தில் சோறு போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே உச்சிப்புளிப் பக்கம் ஒரு சத்திரத்தில் அவனைத் தங்கவிட்டு, ஏதேனும் ஒரு காரணத்தால் அங்கேயே விறகு வெட்டும் ஆளாக நிற்க வையுங்கள்.

நாயகியின் தொழிலை அலங்காரமாக வைக்காதீர்கள். கதை நிற்பது அதன்மேல்தான். கருப்பட்டி காய்ச்சுகிறவளாக அவளை வைத்தால், ஒரு நாளின் ஒழுங்கு முழுவதும் உங்களுக்குக் கிடைக்கிறது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் புளிக்கும் முன் அடுப்பேற வேண்டும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நுணுக்கிப் போட வேண்டும். பாகு இறுகும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது உருண்டு நிற்கிறதா என்று விரலால் பார்த்த பிறகே சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். அந்தப் பதம் சில நொடிகளில் தவறிவிடும் என்பதால், பாகு இறுகும் நேரத்தில் அவன் காதல் பேச வந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நெய்தல் என்றாலே இரங்கல் என்று படித்துவிட்டுக் கரையில் நின்று ஏங்கும் பெண்ணை எழுதுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: இவளுக்கு ஏங்க நேரமில்லை.

அவனைக் கண்டுபிடிப்பவளும் அவளாகவே இருக்கட்டும். மோதிரமும் முத்திரையும் கொண்டு உண்மையை உடைப்பது பழகிப்போன தந்திரம். சூடான மணலில் கால் வைக்கத் தயங்குவதும், கை கழுவும்போது யாரோ தண்ணீர் ஊற்றுவார்கள் என்று தன்னையறியாமல் கையை நீட்டி நிற்பதும், கூலியாகக் கொடுத்த காசை எண்ணாமல் மடியில் கட்டுவதும் அவள் கண்ணில் படும். அவள் உடனே எதையும் கேட்கக் கூடாது. பல நாள் சேர்த்துவைத்த பிறகு, ஒரு காலையில், “காச எண்ணிப் பாக்காதவன் கூலிக்காரனில்ல” என்று மட்டும் சொல்லட்டும்.

உண்மை வெளிப்பட்டதும் உரையாடலில் என்ன மாறுகிறது என்பதில் தமிழுக்கு ஆங்கிலத்தில் இல்லாத வசதி உண்டு. அதுவரை “ஏய்யா, விறகக் கொண்டா” என்று ஒருமையில் ஏவியவள், திடீரென்று “சாமி, நீங்க உக்காருங்க” என்பாள். அவளுடைய கோபத்துக்கு வேறு விளக்கம் எழுத வேண்டியதில்லை. அந்த மரியாதையைக் கேட்டு அவன் துடிக்க வேண்டும். மீண்டும் அவள் வாயிலிருந்து “நீ” வர எத்தனை அத்தியாயம் ஆகிறது என்பதே கதையின் பின்பாதி.

காலக்கணக்குக்குப் பருவத்தை நம்புங்கள். பங்குனியில் தொடங்கினால் பதநீர் நன்றாகச் சுரக்கும். ஆடி அமாவாசைக்கு யாத்திரைக் கூட்டம் வரும்போது தென்கடல் கொந்தளிக்கும். இக்கரையார் அதை ஆண் கடல் என்றும், அப்போது அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். பாம்பன் ரயில் பாலம் 1914-இல்தான் வந்தது என்பதால், உங்கள் பாத்திரங்கள் தோணியில்தான் கடக்க வேண்டும். இன்று மாவட்டமெங்கும் அடர்ந்திருக்கும் சீமைக்கருவேலம் அன்று இல்லை. அவன் வெட்டும் விறகு உடைமரமாக இருக்கட்டும். கூலியை வராகன், பணம், காசு என்று எழுதலாம். 1818-க்குப் பின் நடக்கும் கதையென்றால் கணக்கு ரூபாய்க்கு மாறிவிடும்.

திருமணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இங்கிலாந்தில் தனி உரிமம் வாங்காதவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் பெயரை அறிவித்தாக வேண்டும் என்பதால், பொய்ப்பெயர்க்காரன் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். இங்கே தடை சாதியும் உறவும்தான். அதை ஒரு வரியில் தாண்டுவது பொய்யாகும். அரண்மனைக்கு அழைத்துப்போய் அவளை ராணியாக்குவதும் ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் அத்தகைய வீடுகளில் அவளைப் போன்றவளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மனைவியின் இடமன்று. அவன் பட்டத்துக்கான உரிமையை விட்டுவிட்டுப் பனங்காட்டில் நிற்கட்டும், அல்லது அவள் அவனைத் தோணியேற்றி அனுப்பிவிட்டு அடுப்புக்குத் திரும்பட்டும். எதைத் தேர்ந்தாலும் இழப்பு அவன் பக்கம் இருக்க வேண்டும், பொய் சொன்னவன் அவன்தானே.

எழுதி முடித்ததும், கருப்பட்டி காய்ச்சும் ஒரு பெண்ணிடம் பாகுக் காட்சியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பதம் தவறு என்று அவர் சொன்னால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.