தள்ளுபடி ஆன வழக்கும் திருத்திய மனுவும்: அமெரிக்கா வந்திருப்பவர்களுக்கு

வேலையில் பாரபட்சம் காட்டினார்கள் என்று இங்கே பெரும்பாலும் நேரே ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் ஈஈஓசி என்ற சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியில் 300 நாள். அங்கிருந்து, வழக்குப் போடலாம் என்று சொல்லும் 'ரைட் டு சூ' கடிதம் வந்தால் 90 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு. இதுவரை எல்லோரும் சொல்வார்கள்.

என் நண்பன் அடிபட்டது அதற்குப் பிறகு. வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே மனு எழுதிப் போட்டான். கம்பெனி, "இவர் சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காது" என்று தள்ளுபடி கேட்டது. அப்படித் தள்ளுபடி கேட்கும் மனுவுக்கு இங்கே மோஷன் என்று பெயர். அது கைக்கு வந்த 21 நாளுக்குள், அனுமதி கேட்காமலே ஒரு முறை மனுவைத் திருத்தலாம். அவனுக்கு அது தெரியாது. தள்ளுபடி ஆகிவிட்டது.

ஊரில் தள்ளுபடி என்றால் முடிந்தது என்றுதானே நினைப்போம்? அழுதுகொண்டே ஃபோன் செய்தான். உத்தரவைக் கடைசி வரி வரை படிக்கச் சொன்னேன். 'வித்தவுட் பிரெஜுடிஸ்', அதாவது மறுபடி போட வழி அடைபடவில்லை என்று போட்டு, மனுவைத் திருத்த 30 நாள் கொடுத்திருந்தார்கள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார், அதே வேலை பார்த்த மற்றவர்களை எப்படி நடத்தினார்கள் என்ற விவரம் போதவில்லையாம்.

அப்பா மதுரையில் வக்கீல் குமாஸ்தா. கூடுதல் மனு என்று அவர் கட்டுக்கட்டாகத் தைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே நினைப்பில், "விட்டுப்போனதை மட்டும் எழுதிக் கொடு, போதும்" என்றேன். 2 பக்கம் எழுதி, 'முதல் மனுவோடு சேர்த்துப் படிக்கவும்' என்று போட்டான்.

இங்கே அப்படிப் படிக்க மாட்டார்கள். திருத்திய மனு வந்ததுமே பழையது இல்லாததுபோல் ஆகிவிடும். மேனேஜர் பேசிய பேச்சு, சம்பள வித்தியாசம் எல்லாம் பழைய மனுவில்தான் இருந்தன. நீதிபதி அந்த 2 பக்கத்தை மட்டும் பார்த்து, இந்த முறை 'வித் பிரெஜுடிஸ்' என்று தள்ளிவிட்டார். இனி அதே வழக்கைப் புதிதாகப் போட முடியாது, பெரும்பாலும் அப்பீல்தான் வழி.

அதனால் முதல் வரியிலிருந்து முழு மனுவையும் திரும்ப எழுதுங்கள். இணைப்புகளையும் மறுபடி சேருங்கள். வக்கீல் இல்லாதவர்களுக்கென்றே 'ப்ரோ சே 7' என்ற படிவம் இருக்கிறது. 'வித்தவுட் பிரெஜுடிஸ்'தானே, பிறகு புது வழக்காகப் போடலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். 'ரைட் டு சூ' கடிதத்துக்குப் பிறகான அந்த 90 நாள் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. வீடு மாறினால் அன்றே கோர்ட்டுக்கு எழுதுங்கள்.

அப்புறம், மனுவைப் போடும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வேறு ஒருவரை ஒப்பிடச் சொல்லுங்கள். அவனுக்கு நான் அதைச் செய்யவில்லை.