முயல் வீடு திரும்பிய முதல் இரவு

"ராத்திரி முழுக்க நல்லா தூங்கினான் அக்கா, தொந்தரவே பண்ணலை." போன வாரம் பெரம்பூரிலிருந்து ஒரு பெண் போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தின நாள் மாலைதான் அவளுடைய முயலுக்கு டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் நிம்மதியாகச் சொன்னேன்.

கூண்டு சுத்தம், மருந்து நேரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லெண்ணத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பட்டினி போடுவது

வயிறு சரியில்லை என்றால் நம் வீடுகளில் 'லங்கணம் பரம ஔஷதம்', அதாவது பட்டினியே பெரிய மருந்து என்பார்கள். முயலிடம் அதைக் காட்டாதீர்கள். அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நார் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் ஓடும். நின்றுவிட்டால் உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வலிக்கும். வலியில் இன்னும் தின்னாது. வாந்தி எடுக்கவும் முயலால் முடியாது. 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் அதுவே அவசரம்தான்.

என் முதல் முயலைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். ஒரு மே மாதம் அதற்கு வயிறு நின்றுபோனது. டாக்டர் காப்பாற்றிக் கொடுத்தார். இரவு 9 மணிக்கு வீட்டுக்கு வந்தோம். இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஊட்டச் சொல்லிக் கொடுத்த பவுடர் பையிலேயே இருந்தது. "பாவம், அலுத்துப்போயிருக்கு, காலையில் பார்த்துக்கலாம்" என்று விளக்கை அணைத்தேன். காலை 6 மணிக்குத் தொட்டால் காது சில்லென்று இருந்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மதியத்துக்குள் போய்விட்டது. அந்த ஒன்பது மணி நேரத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வரும்.

அதனால் அலாரம் வையுங்கள். துண்டில் சுற்றி, நிமிர்ந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையைப்போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் இடைவெளி இருக்கும்; அங்கே சிரிஞ்சை வைத்து அரை மில்லி, ஒரு மில்லியாக விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். வயிறு மத்தளம்போல உப்பியிருந்தால் மட்டும் ஊட்டாதீர்கள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள். உள்ளே அடைப்பு இருக்கலாம்.

நடுவில் புல்லை மூக்கருகே வைத்துப் பாருங்கள். ஹே (முயலுக்கான காய்ந்த புல்) இல்லையென்றால் பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லை நன்றாக அலசிக் கொடுக்கலாம். அப்புறம், புழுக்கையை எண்ணுங்கள். நல்ல முயல் நாளுக்கு 200-க்கு மேல் போடும். முதலில் கடுகு மாதிரி சின்னதாக வந்தாலும் குடல் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஏசியை 18-இல் வைப்பது

வெயிலுக்கு முயல் தாங்காது, உண்மைதான். ஆனால் சிகிச்சை முடிந்து வந்த உடம்பு குளிர்ந்திருக்கலாம். காதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டில் மிஞ்சிய மாத்திரை

நமக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து அதுவே உயிரைப் பறிக்கும்.

பால்

வேண்டாம்.

குளிப்பாட்டுவது

வேண்டவே வேண்டாம். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள்.

தின்ன ஆரம்பித்ததும் வலி மருந்தை நிறுத்துவது

அது தின்பதே அந்த மருந்தால்தான். டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

அடுத்த செக்கப்புக்குப் போகாமல் விடுவது

முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். கடைவாய்ப் பல் கூராகி நாக்கைக் குத்தினால் எவ்வளவு ஊட்டித் தேற்றினாலும் சில வாரங்களில் மறுபடி தீனியை நிறுத்திவிடும். வெளியிலிருந்து முன்பல் மட்டும்தான் நமக்குத் தெரியும். அதனால் கடைவாயையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.