வேலை மலைபோல் குவியும் வாரங்களில்

மாமியாருக்கு அறுவை சிகிச்சை, மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இரண்டும் ஒரே மார்ச்சில் வந்தபோது வீட்டைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது. சரி என்று சமையல், பாத்திரம், துணி மூன்றை மட்டும் தினசரி வேலையாக வைத்துக்கொண்டேன். ஒட்டடை, அலமாரி, ஜன்னல் எல்லாவற்றையும் ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டேன்.

சமையலில்தான் அதிக நேரம் மிச்சமானது. ஞாயிறன்று இட்லி மாவு அரைத்து, புளித்ததும் ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் கவலையில்லை. புளிக்காய்ச்சலையும் தக்காளித் தொக்கையும் நல்லெண்ணெய் மிதக்கக் கிளறி, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். ஈரக் கரண்டி மட்டும் படவே கூடாது. அப்புறம், குக்கரில் கீழ் அடுக்கில் பருப்பு, மேல் அடுக்கில் சாதம் என்று ஒன்றாக வேகவைத்தால் கேஸும் மிச்சம்.

துணியை மடிக்கவே இல்லை. ஆளுக்கு ஒரு கூடை வைத்து, காய்ந்ததைப் பிரித்துப் போட்டுவிட்டேன். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்று கணவரிடமும் பிள்ளைகளிடமும் நேரடியாகவே கேட்டேன், அன்றே செய்தார்கள். இரவு சிங்க்கைக் காலியாக்கிவிட்டுத்தான் படுப்பேன். காலையில் காபி போடப் போகும்போது அது எவ்வளவு நிம்மதி தெரியுமா!