காக்டெய்ல் பறவையை விதையிலிருந்து சமச்சீர் உணவுக்கு மாற்றும் முறை

காக்டெய்ல் (cockatiel) என்னும் கொண்டையுள்ள சிறு கிளியை வளர்க்கத் தொடங்குபவர்களில் பலர், கடையில் கிடைக்கும் விதைக் கலவையைக் கிண்ணம் நிறைய வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பறவையும் அதை விரும்பித் தின்பதால் குறை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் விதை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ-யும் கால்சியமும் பற்றாமல் போகின்றன; எண்ணெய் வித்துகள் மிகுந்த கலவையாக இருந்தால் கல்லீரலில் கொழுப்பும் படிகிறது. அடிக்கடி தும்மல், மூக்குத் துளைகளில் அடைப்பு, பொலிவிழந்த இறகு ஆகியவை வெளியே தெரியும்போது உள்ளே பாதிப்பு வெகுநாளாகவே இருந்திருக்கக்கூடும்.

இந்தப் பறவையின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதி. அங்கே அது கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல் விதைகளைப் பொறுக்கித் தின்கிறது. முற்றிக் காய்ந்தவற்றைவிடப் பால் பிடித்த இளம் விதைகளையே பெரிதும் நாடுகிறது. தண்ணீரும் இரையும் தேடி நெடுந்தொலைவு பறக்கிறது. கூண்டுப் பறவைக்கு அந்தப் பறப்பும் இல்லை, அந்தப் பச்சை விதைகளும் இல்லை. கீழே சொல்லும் படிகள் இந்த இடைவெளியைக் குறைப்பதற்கானவை.

முதல் படி: எடையைக் குறித்து வையுங்கள்

கிராம் கணக்கில் காட்டும் சிறிய சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். வளர்ந்த காக்டெய்ல் பெரும்பாலும் 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். தினமும் காலையில், முதல் எச்சம் இட்ட பிறகு, தீவனம் வைப்பதற்கு முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பறவைகள் நோயை மறைப்பவை. இறகு உடலை மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. எனவே இந்தப் படியைத் தாண்டிவிட்டு உணவை மாற்றத் தொடங்க வேண்டாம். இன்னும் தானாகத் தின்னப் பழகாத குஞ்சுக்கும், நோயுற்ற பறவைக்கும் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது.

இரண்டாம் படி: விதைக் கலவையைச் சீர்செய்யுங்கள்

சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அதை அன்றாடக் கலவையிலிருந்து எடுத்துவிட்டு, பழக்கும்போது கையில் வைத்துக் கொடுக்கும் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினை, பனிவரகு, சாமை, கம்பு, கானரி விதை ஆகியவை கலந்தால் போதும். மளிகைக் கடையில் நமக்காக விற்கும் உமி நீக்கிய தானியம் விரைவில் சிக்குவாடை அடிக்கும் என்பதால், உமியோடு இருப்பதையே பறவைக்கு வாங்குங்கள்.

ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மேசைக்கரண்டித் தீவனம் தேவைப்படும். புதிதாக வளர்ப்பவர்கள் இங்கே ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: காக்டெய்ல் விதையின் உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோலத் தெரியும், உள்ளே ஒரு விதைகூட இருக்காது. நிறைந்த கிண்ணத்துக்கு முன் பறவை பட்டினி கிடப்பது இப்படித்தான். ஆகவே தினமும் உமியை ஊதித் தள்ளிப் பாருங்கள்.

மூன்றாம் படி: கீரையும் காயும்

வைட்டமின் ஏ-க்கு நம் ஊரில் முருங்கைக்கீரையைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை. துருவிய கேரட், வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொத்தமல்லி ஆகியவையும் நல்லவை. பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் அதை எப்போதாவது கொடுத்தால் போதும். பூச்சிமருந்து எச்சம் போக எல்லாவற்றையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள்.

முதல் நாள் எந்தக் காக்டெய்லும் கீரையைத் தின்றுவிடாது. சில பறவைகள் பல வாரம் தொடாமலே இருக்கும். ஆழமான கிண்ணத்தில் வைப்பதைவிட, தட்டையான தட்டில் பரப்பிக் கூண்டின் தரையருகே வைப்பது நன்றாகப் பலன் தருகிறது. தரையில் மேயும் பறவைக்கு அதுவே இயல்பான இடம். மிகப் பொடியாக நறுக்கி, மேலே சிறிது தினையைத் தூவுங்கள். ஈரம் சொட்டும் முருங்கைக் கொத்தைக் கம்பியில் தொங்கவிட்டால், முதலில் குளிப்பதற்காக அதில் உரசும் பறவை பிறகு கொறிக்கத் தொடங்குவதும் உண்டு. அதன் எதிரில் நீங்கள் ஒரு கேரட் துண்டைக் கடித்துத் தின்று காட்டுங்கள். கூட்டமாக வாழும் பறவை என்பதால் மற்றவர் தின்பதைப் பார்த்தே புதியதை நம்புகிறது. நம் வெயிலில் நறுக்கிய காய் விரைவில் கெடும். 2 மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். முளைகட்டிய பச்சைப்பயறுக்கும் இதே விதிதான். பிசுபிசுப்போ வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

நான்காம் படி: பெல்லட்டுக்கு மெதுவாக

பெல்லட் என்பது சத்துகளை அளவோடு சேர்த்து அழுத்திய உருண்டைத் தீவனம். விதைக் கலவையில் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்பதுபோல இதில் செய்ய முடியாது என்பதே இதன் பெரிய நன்மை. முத்திரை உடைக்காத, காலாவதி நாள் அச்சிட்ட பொட்டலத்தையே வாங்குங்கள்.

காலையில் பசியோடு இருக்கும்போது பெல்லட்டை முதலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான விதையைக் கொடுங்கள். முதல் வாரம் அது தொடாமலே இருந்தாலும் தொடருங்கள். கொறிக்கத் தொடங்கியபின் விதையை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறையுங்கள். இதற்கு 1 மாதமும் ஆகலாம், 3 மாதமும் ஆகலாம். பசித்தால் தானாகத் தின்னும் என்று விதையை முழுதாக நிறுத்துவது இந்தப் பறவையிடம் பலிக்காது. பழகாத ஒன்றை உணவு என்றே அறியாமல் அது உயிரைவிடவும் கூடும். தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 90 கிராம் பறவை 81 கிராமுக்கு வந்தால், உடனே விதைக்குத் திரும்புங்கள். எச்சம் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாக மாறினாலும் அது போதுமான அளவு தின்னவில்லை என்றே பொருள். முடிவில் பாதிக்குமேல் பெல்லட், மீதியில் கீரை காய்களும் விதையும் என்ற அளவு பெரும்பாலான வளர்ந்த பறவைகளுக்குப் பொருந்தும்.

பெல்லட் தின்னும் பறவைக்குத் தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்து கலக்க வேண்டாம். காக்டெய்லுக்கு வைட்டமின் ஏ மிகுந்தாலும் தீங்குதான். கலந்த தண்ணீரில் கிருமிகளும் எளிதில் பெருகும். வெறும் குடிநீரைத் தினமும் மாற்றுங்கள், கோடையில் இருமுறை.

ஐந்தாம் படி: கொடுக்கக் கூடாதவை

அவகாடோ, சாக்லேட், காபி, தேநீர், மது, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்பிட்ட நொறுக்குத்தீனி ஆகியவை கூண்டின் அருகிலேயே வரக்கூடாது. அவகாடோவைச் சிறிதளவு தின்றாலே உயிருக்கு ஆபத்து. பாலைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை. உமி உரித்துத் தின்னும் இந்தப் பறவைக்கு மணலும் சிறு கல்லும் தேவையில்லை. அளவு மீறித் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

ஆறாம் படி: கால்சியம்

கணவாய் ஓட்டைக் கூண்டுக் கம்பியில் மென்மையான பக்கம் உள்நோக்கி இருக்குமாறு கட்டுங்கள். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும் என்பதால், காலை இளவெயில் கண்ணாடி ஊடாக அல்லாமல் நேராகப் படும் இடத்தில் சிறிது நேரம் வையுங்கள். ஒதுங்குவதற்கு ஒரு பக்கம் நிழலும், பூனையும் காகமும் நெருங்காதபடி உங்கள் காவலும் வேண்டும். பெட்டைப் பறவை ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும். அந்த நாட்களில் வேகவைத்த கோழிமுட்டையை மசித்து ஒரு தேக்கரண்டி அளவு கொடுக்கலாம். மற்ற நாட்களில் முட்டையையும் வேகவைத்த இளஞ்சூட்டு உணவையும் மிகுதியாகக் கொடுத்தால் மேலும் மேலும் முட்டையிடத் தூண்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் அமர்ந்து, வாலை ஆட்டி முக்கும் பெட்டைக்கு முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அப்போதே பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.