பூங்கா கைமாறும்போது நடக்கும் பிழைகள்

காலிமுகத்திடலில் கடலோர நடைபாதைப் பக்கம் ஒரு பழைய நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடிந்த நடைபாதை இது என்றும், கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலனுக்காகத் தனக்குப் பின்வருபவர்களின் கவனத்துக்கு இதை விட்டுச்செல்வதாகவும் அதில் பொறித்திருக்கிறார்கள். இறால் வடையைக் கடித்துக்கொண்டே அந்தக் கல்லைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்கள்தான் நாம். பொதுவெளி ஒன்று கைமாறும்போது எழுதவேண்டிய விஷயம், அதாவது யாருக்காக, எதற்காக என்பது, அந்தக் கல்லில் இருக்கிறது. சட்ட பலம்தான் இல்லை.

அரசுக்கோ அரச நிறுவனம் ஒன்றுக்கோ சொந்தமான பூங்காவை மாநகர சபையிடம் ஒப்படைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் நடக்கும் பிழை, 'கையளித்தோம்' என்ற சொல்லோடு திருப்திப்பட்டுவிடுவது. எதைக் கையளித்தீர்கள்? உரிமையையா, நிர்வாகத்தையா, இல்லை புல் வெட்டிக் குப்பை அள்ளும் பொறுப்பை மட்டுமா? 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தில், அரச காணி ஒன்றின் நிர்வாகக் கட்டுப்பாட்டை வர்த்தமானிக் கட்டளை மூலம் உள்ளூராட்சி மன்றத்திடம் கொடுக்க வழி உண்டு. அது காணி உறுதி அல்ல. உரிமையே மாறவேண்டும் என்றால் ஜனாதிபதி அரச இலச்சினையின் கீழ் வழங்கும் அளிப்பு வரை போகவேண்டும். நாடா வெட்டிப் படம் எடுத்த அன்று இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து ஒரு ஓரத்தில் கட்டடம் எழும்பும்போதுதான் 'இது யாருடைய காணி?' என்று தேடத் தொடங்குவார்கள்.

கொடுப்பவர் யார் என்பதும் கொழும்பில் லேசான கேள்வி இல்லை. ஒரே பசுமைவெளியில் ஒரு துண்டு நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும், கால்வாய்க் கரை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும், மிச்சம் நேரே அரசிடமும் இருக்கலாம். ஒருவர் கையெழுத்துப் போட்டால் மற்றவருடைய துண்டு சேர்ந்து வந்துவிடாது. ஆகவே, பேச்சுக்கு முன் புதிய நில அளவைப் படம் வேண்டும். வாகனத் தரிப்பிடமும் கழிப்பறையும் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அதில் பேர்ச் கணக்கில் பார்க்கவேண்டும். நாற்பது வருடத்துப் பழைய பிளானை நகலெடுத்து ஒட்டுவது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

நோக்கத்தை எழுதாமல் விடுவது எல்லாவற்றிலும் பெரிய பிழை என்பேன். காலிமுகத்திடலில் பொழுதுபோக்கு வளாகம் அமைக்க நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அதன் பிரதியைக் கேட்ட சுற்றுச்சூழல் அமைப்புக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2005 இல் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தகவல் அறியும் உரிமை கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் அந்தத் தீர்ப்பில்தான். அதற்கென்று தனிச் சட்டம் வர 2016 வரை காத்திருந்தோம். பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த காணி கோல்ஃப் மைதானமாகிப்போன வோட்டர்ஸ் எட்ஜ் விவகாரத்தில், 2008 இல் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபாய் கட்டவேண்டி வந்தது. இரண்டிலும் மக்களுக்குக் கைகொடுத்தது நீதிமன்றம். ஒவ்வொரு பூங்காவுக்கும் வழக்காட யாரிடம் காசு இருக்கிறது?

அமெரிக்காவில் மாநிலப் பூங்காவை நகரத்துக்குக் கொடுக்கும்போது, பூங்கா அல்லாத வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் நிலம் மாநிலத்துக்கே திரும்பிவிடும் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. 1965 ஆம் ஆண்டின் நிலம், நீர் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் கீழ் உதவி பெற்ற பூங்கா என்றால் இன்னும் கடுமை: வேறு தேவைக்கு எடுத்தால் குறைந்தது அதே சந்தைப் பெறுமதியுள்ள மாற்று நிலம் கொடுத்தாகவேண்டும். இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் 'திரும்பிவிடும்' என்ற அந்த ஒரு வரியை எழுத நமக்கு எந்தத் தடையும் இல்லை.

அப்புறம், ஈரநிலம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018 இல் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. சதுப்போடு சேர்ந்த பூங்காவைப் புல்தரை என்று நினைத்து வாங்கி, பள்ளத்தை நிரப்பி நடைபாதை போட்டால், அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் பக்கத்து வீடுகளுக்குள் போகும். நீர் தேங்கும் இடத்தைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பது தனி வரியாக ஆவணத்தில் வரவேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். 2023 மார்ச்சில் சபையின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே மாதத் தேர்தல் வரை கொழும்பில் தெரிவுசெய்யப்பட்ட மாநகர சபை இல்லை. அப்படியான இடைவெளியில் கோப்பு வேகமாக நகரும், கேள்வி கேட்க உறுப்பினர் யாரும் இருக்கமாட்டார். வேகம் நல்லதுதான். ஆனால் பொறுப்பை ஏற்கும் பக்கத்தில் சபைத் தீர்மானம் ஒன்று இல்லாமல் பெரிய பூங்காவை வாங்கக்கூடாது என்பது என் கருத்து.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர் சம்பளம், காவல், பழைய மரங்களின் கிளை வெட்டுதல் எல்லாம் வருடா வருடம் வரும் செலவு. ஒருமுறை தரும் நன்கொடையால் அதைச் சமாளிக்க முடியாது. ஏற்கெனவே உள்ளே கடை போட்டிருப்பவரின் குத்தகை எப்போது முடிகிறது, வாடகை இனி யாருக்கு என்பதையும் கேட்டுவையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், அதனால்தான் எல்லோரும் மறப்பது: மின்சாரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும். அவற்றைப் பெயர் மாற்றாமல் விட்டால் பட்டியல் பழைய அலுவலகத்துக்கே போய்க்கொண்டிருக்கும். அங்கே அது யார் மேசையிலோ கிடக்கும். ஒருநாள் மாலை நடக்கப் போனால் விளக்கும் எரியாது, கழிப்பறையில் தண்ணீரும் வராது.